நோய் போனது, பெயரும் போகட்டும்

(வளர்கல்வி மைய வாசகர்களுக்கான உரை)



நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அது அப்பா அம்மா வைத்த பெயர். அது போக ஊர் வைக்கும் பெயரும் ஒன்று உண்டு. குடிக்கிறவரைக் "குடிகாரன்" என்கிறோம். கால் ஊனமானவரை "நொண்டி" என்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் "கைநாட்டு" என்கிறோம்.

இங்கே இருக்கும் பலரை நேற்றுவரை ஊர் "கைநாட்டு" என்றுதான் சொன்னது. ரேஷன் கடையில் பெருவிரலை மையில் தோய்த்தீர்கள். பிறகு இந்த மையத்துக்கு வந்தீர்கள். அ, ஆ எழுதினீர்கள். ஒரு நாள் உங்கள் பெயரை நீங்களே எழுதினீர்கள். அன்றோடு "கைநாட்டு" என்ற பெயர் போய்விட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எழுதக் கற்றுக்கொண்ட பிறகும் சிலர் வங்கிக்குப் போனால் பெருவிரலைத்தான் நீட்டுகிறார்கள். எழுத்து வந்துவிட்டது. ஆனாலும் மனதில் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நமக்கு எதற்கு பேனா" என்று கை பின்வாங்குகிறது.

இன்று நான் பேச வந்தது இப்படிப்பட்ட ஒரு பழைய பெயரைப் பற்றி. ஊர் வைத்த பெயர்களிலேயே மிகக் கொடுமையான பெயர் அது. "குஷ்டரோகி" என்ற பெயர். நோய் குணமாகிப் பல வருடம் ஆன பிறகும் மனிதரை விடாமல் பிடித்திருக்கும் பெயர்.

நோய் என்ன?

முதலில் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம். தெரியாத இடத்தில்தான் பயம் குடியிருக்கும்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. 1873 ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். முன் பிறவிப் பாவத்தால் இந்த நோய் வருவதில்லை. சாமி குற்றத்தாலும் வருவதில்லை. இது பரம்பரை நோயும் இல்லை.

தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் நோயா? இல்லை. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால், அவருடைய மூச்சு, தும்மல் வழியாகக் கிருமி வரலாம். அப்படி வந்தாலும் நூற்றில் 95 பேருக்கு மேல் நோய் வராது. நம் உடம்பே அந்தக் கிருமியை எதிர்த்து நிற்கும். நோய் வருகிறவர்களுக்கும் அறிகுறி தெரியச் சில வருடங்கள் ஆகும்.

அறிகுறி என்ன? தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல். அந்த இடத்தில் தொட்டால் தெரியாது. சூடு தெரியாது. கிள்ளினால் வலிக்காது. உணர்ச்சியற்ற தேமல் என்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்து உண்டா? உண்டு. கூட்டு மருந்து சிகிச்சை என்று பெயர். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் மற்றவருக்குப் பரவாது. அதற்குப் பிறகு தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் எதுவும் தேவையே இல்லை.

மாட்டுங்காவில் ஒரு காலம்

மாட்டுங்கா என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பூக்கடை, கோயில், இட்லி, காப்பி. ஆனால் அந்த மாட்டுங்காவுக்கு இன்னொரு கதையும் உண்டு.

1890 ஆம் ஆண்டு, வீடில்லாத தொழுநோயாளிகளுக்காக அங்கே ஒரு காப்பிடம் தொடங்கப்பட்டது. அப்போது மும்பை நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பாடுபட்டார். அவர் பெயரில் அது இன்றும் வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனையாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் வந்தவரை மற்றவரிடமிருந்து பிரித்து வைப்பது ஒன்றுதான் வழி என்று நினைத்தார்கள். 1898 ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. தெருவில் கதியில்லாமல் திரியும் தொழுநோயாளியை, கையில் பிடியாணை இல்லாமலே போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போகலாம் என்றது அந்தச் சட்டம்.

திருடினால் போலீஸ் பிடிக்கும். அடித்தால் போலீஸ் பிடிக்கும். இவர்கள் என்ன செய்தார்கள்? நோய் வந்தது, கையில் காசு இல்லை. அதற்காகப் பிடிக்கலாம் என்றார்கள். நோயாளி என்ற பெயரே குற்றமாகிவிட்டது. அப்படிப் பிடித்து அடைக்கப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்றால் என்ன ஆகும்? மனைவி, மக்கள், ஊர், தொழில் எல்லாம் போகும். அவருக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மருந்து நம் சந்துக்கு வந்தது

1940களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. பிறகு, ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்று தெரிந்தது. ஆகவே 1981 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி சொன்னது. அதுதான் இன்றைய கூட்டு மருந்து.

நம் மும்பையிலும் மாற்றம் வந்தது. 1976 ஆம் ஆண்டு டாக்டர் கணபதி என்பவர் பம்பாய் தொழுநோய்த் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார். சயானிலிருந்து செம்பூருக்குப் போகும் வழியில் சுன்னாபட்டியில் அதன் அலுவலகம். தாராவி போன்ற குடிசைப் பகுதிகளில் வேலை நடந்தது. நோயாளியைப் பிடித்துக்கொண்டு போய் அடைக்காமல், அவர் இருக்கும் இடத்துக்கு மருந்தைக் கொண்டு போவது என்ற வழி இப்படி வந்தது.

நோயாளி தன் வீட்டிலேயே இருந்தார். தன் வேலைக்குப் போனார். மருந்து சாப்பிட்டார். குணமானார்.

2005 ஆம் ஆண்டு முடிவில், நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2022-23 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்பட்டது.

கையை மறைத்தால் என்ன ஆகும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

தாராவியில் ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லி அவித்து விற்கிறார். அவருக்கு இளவயதில் தொழுநோய் வந்தது. மருந்து சாப்பிட்டார். கிருமி செத்துவிட்டது. "உங்களுக்கு இனி நோய் இல்லை" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன்பே நோய் நரம்பைக் கெடுத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் வளைந்துவிட்டன. அந்தக் கையில் சூடு தெரியாது.

அக்கா அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்கிறார். அடுப்பிலிருந்து இட்லிக் கொப்பரையை இறக்க வேண்டும். கரித்துணி பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். "ஏன், உன் கைக்குச் சூடு தாங்காதா?" என்று கேட்பாள். "எல்லாரையும் போல நானும் வெறுங்கையால் இறக்குகிறேன் பார்" என்று பிடிக்கிறார். கை வெந்துபோகிறது. அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. புண்ணையும் மறைக்கிறார். புண் ஆறவில்லை. சீழ் பிடிக்கிறது. விரல் குறைகிறது.

இங்கே விரலைக் கெடுத்தது எது? நோய் எப்போதோ போய்விட்டது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று காட்ட நினைத்தாரே, அந்த மறைப்புதான் கெடுத்தது.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அது தவறு என்று காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1946 ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். வலி தெரியாததால்தான் காயம் படுகிறது, காயத்தைக் கவனிக்காததால்தான் விரல் போகிறது என்று அவர் கண்டார். சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்துபோயிருந்தது. காரணம் என்ன என்று ஆள் வைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது எலி கடித்திருக்கிறது! வலி தெரியாததால் தூங்குகிறவர் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று. "என் கைக்குச் சூடு தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறவரின் கை பிழைக்கும். ஒப்புக்கொள்ளாதவரின் கை கெடும். நம்மை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே அது வெறும் அறிவுரை இல்லை. அதுவே ஒரு வைத்தியம்.

கையை ஏற்றுக்கொண்ட அக்கா என்ன செய்வார்?

• சூடான பாத்திரத்தைக் கரித்துணி பிடித்துத்தான் இறக்குவார்.

• தினமும் ராத்திரி கை, காலைப் புரட்டிப் பார்ப்பார். கொப்புளமோ வெட்டோ சிவப்போ இருக்கிறதா என்று தேடுவார். பாதத்தின் அடியைப் பார்க்கக் கண்ணாடி வைத்துக்கொள்வார், அல்லது மகளைப் பார்க்கச் சொல்வார்.

• கை, காலைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊற வைப்பார். காய்ப்புப் பிடித்த இடத்தைக் கல்லால் மெல்லத் தேய்ப்பார். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுவார்.

• வெறுங்காலோடு நடக்க மாட்டார். உள்ளே மிருதுவான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடுவார்.

• புண் வந்தால் மறைக்காமல் அன்றைக்கே காட்டுவார்.

புதுக் கையும் பழைய தொழிலும்

வேலூரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

டாக்டர் பிராண்ட் அறுவை சிகிச்சை செய்து, வளைந்த விரல்களை நிமிர்த்தினார். வேலை செய்யும் ஒரு தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலோடு சேர்த்துத் தைக்கும் சிகிச்சை அது. மூடிக்கிடந்த கை திறந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் கை சரியாகி ஊருக்குப் போன சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருந்ததால் பிச்சை குறைந்துவிட்டது. நோய் வந்தவர் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. பழைய வாழ்க்கை போய்விட்டது, புது வாழ்க்கை வரவில்லை. நடுவில் நின்றார்கள்.

கையை மட்டும் மாற்றினால் போதாது என்று மருத்துவர்களுக்குப் புரிந்தது. கல்லூரி வளாகத்திலேயே கிராமம் போல ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். அதற்குப் புதுவாழ்வு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மரத்தில் பொம்மை செய்தார்கள். பிச்சை வாங்கிய கை உளி பிடித்தது.

பழைய பெயரை இறக்கி வைப்பது ஒரே நாளில் நடக்காது. அதற்கு ஒரு தொழில் வேண்டும். நாலு பேர் துணை வேண்டும். "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் அது நியாயம் ஆகாது.

ஒரு தமிழர் காட்டிய வழி

டி. என். ஜகதீசன் என்று ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர். நன்றாகப் படித்தவர். ஆங்கிலத்தில் புலமை உள்ளவர். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியவர். அவருக்கு இளம் வயதிலேயே தொழுநோய் வந்தது.

அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களில் இதை எப்படி மறைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பின்கட்டில் ஒரு அறை. சாத்திய கதவு. அவ்வளவுதான்.

ஜகதீசன் ஒளிந்து வாழவில்லை. தொழுநோய் ஒழிப்பு வேலையையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். இது பற்றிக் காந்தியடிகளோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தென்னார்க்காடு மாவட்டம் மழவந்தாங்கலில் இருந்த கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையத்தில் தொண்டு செய்தார். 1957 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். தொழுநோயின் வழியாகத் தன் வாழ்வு நிறைவு பெற்றது என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். தனக்கு நோய் வந்ததை மறுக்கவில்லை. புத்தகத்தின் தலைப்பிலேயே அந்த நோயின் பெயரைப் போட்டார். அதே சமயம், ஊர் வைத்த பெயரோடு நின்றுவிடவும் இல்லை. எழுத்தாளர், தொண்டர் என்று புதிய பெயர்களைத் தானே சம்பாதித்தார்.

நோயை ஒப்புக்கொள்வது வேறு. நோயே நான் என்று நினைப்பது வேறு. "எனக்கு நோய் வந்தது" என்று சொல்லலாம். "நான் நோயாளி" என்று ஆயுள் முழுக்கச் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் மாறியது

1898 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது 2016 ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது. அதே 2016 இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் "தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்" என்றே எழுதியிருக்கிறது. நோயாளி என்று எழுதவில்லை. குணமடைந்தவர் என்று எழுதியிருக்கிறது. சட்டம் வைத்த புதுப் பெயர் இது.

விரல் வளைவு, கால் ஊனம் உள்ளவர்கள் இந்தச் சட்டப்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம். "அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று சிலர் வாங்குவதில்லை. இதுவும் கையை மறைப்பது போலத்தான். அட்டை வாங்குவது உரிமை. அதில் வெட்கம் எதற்கு?

2019 ஆம் ஆண்டு இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால், அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். அந்தக் காரணத்தைத் திருமணச் சட்டங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத்திரையால் தீரும் நோய்க்குத் தாலியை அறுப்பானேன்?

நாம் என்ன செய்யலாம்?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பழமொழி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஊரில் நம் வாயும் ஒன்று. அதை நாம் மூடலாம்.

"குஷ்டரோகி" என்று யாரையும் திட்டாதீர்கள். கோபத்தில் நாம் வீசும் அந்தச் சொல், பக்கத்து வீட்டில் தேமலை மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் காதில் விழும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவாள். ஆறு மாதத்தில் குணமாக வேண்டிய நோய் அவள் கையைக் கெடுத்துவிடும்.

குணமானவர் வீட்டுக்கு வந்தால் உங்கள் தம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். அவர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். நம் மராட்டிய மாநிலத்தில்தான் காந்தியடிகளின் சேவாகிராம ஆசிரமம் இருக்கிறது. அங்கே பர்ச்சுரே சாஸ்திரி என்ற தொழுநோயாளியின் புண்ணைக் காந்தியடிகள் தன் கையாலேயே கழுவினார். உடம்பைப் பிடித்துவிட்டார். அன்று நோயைத் தீர்க்கும் இன்றைய மருந்து இல்லை. அவரே தொட்டார். மருந்து வந்த பிறகும் நாம் தொடத் தயங்கலாமா? காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30 தான் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாள்.

குணமான அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் போய் உட்காராதீர்கள். உங்கள் பேரனைத் தூக்கத் தயங்காதீர்கள். இந்த மையத்துக்கு வர நினைத்து, பென்சில் பிடிக்க விரல் ஒத்துழைக்காது என்று வெட்கப்பட்டு நிற்காதீர்கள். பென்சிலைச் சுற்றித் துணி கட்டித் தடிமனாக்கினால் வளைந்த விரலும் பிடிக்கும். எழுத்து கொஞ்சம் கோணலாக வரலாம். வந்தால் என்ன? அது உங்கள் கையெழுத்து.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உடம்பையும் பிள்ளைகள் உடம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால், நாளைக் காலையில் தாராவியில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற சுகாதார மையத்துக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்டுங்கள். மருந்து தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடும்போது சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். பயப்பட வேண்டாம், பிறகு மாறிவிடும். திடீரென்று கை கால் வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கண் சிவந்தாலோ மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. உங்கள் தெருவில் ஊர் வைத்த பெயரோடு வாழ்கிறவர்கள் யார்? அவர்களுடைய சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

2. கையில் சூடு தெரியாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சமையலறையில் எதையெல்லாம் மாற்றுவீர்கள்?

3. அறுவை சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்கள் ஏன் வருத்தத்தோடு திரும்பினார்கள்? ஊர் என்ன செய்திருக்க வேண்டும்?